வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர்: ஜார்ஜுக்கு முன்னால் யாருடையது, இன்று யாருடையது?

பந்துவீச்சு_பாலா

வாஷிங்டன் சுந்தர் பந்து போட வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் "இந்தப் பையனுக்கு எப்படி இப்படி ஒரு பெயர்?" என்று கேட்டே தீருவார். அந்தக் கதை ஊருக்கே தெரியும், அதை விடுங்கள். எனக்கு வேண்டியது அதற்கும் முந்தைய கதை. ஜார்ஜ் வாஷிங்டன் பெயரில் தலைநகரம் வந்தது, மாநிலம் வந்தது, சரி. ஜார்ஜுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஊர்ப் பெயரா, தொழில் பெயரா, முப்பாட்டன் பெயரா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஹாலிவுட் நடிகர்கள் டென்சல் வாஷிங்டன், கெர்ரி வாஷிங்டன் என்று எனக்குத் தெரிந்த வாஷிங்டன்கள் எல்லாரும் கறுப்பினத்தவர்தான். வெள்ளைக்கார வாஷிங்டன்கள் எங்கே போனார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், இணைப்பை மட்டும் ஒட்டிவிட்டு ஓடிவிடாதீர்கள்.

மீனா_வடசென்னை

சுந்தர் கதை தெரியாதவர்களுக்காக இரண்டே வரி: அவருடைய அப்பா சிறுவனாக இருந்தபோது, பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் உதவியிருக்கிறார். அவர் பெயர் வாஷிங்டன். நன்றிக்காக மகனுக்கு அந்தப் பெயர். அவ்வளவுதான், மதம் மாறினார்கள், அது இது என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'வாஷிங்' இருக்கிறதே, அப்படியென்றால் அது இங்கிலாந்தின் வண்ணாரப்பேட்டையா? 😀

ஓலைச்சுவடி

இல்லை மீனா, துணி துவைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ஹ்வாஸ்ஸா என்று ஓர் ஆள் பெயர். அவனுடைய கூட்டத்தார் வாழ்ந்த பண்ணை அல்லது குடியிருப்பு என்பதுதான் ஊர்ப்பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள். கடைசியில் வரும் 'டன்', பிரைட்டன், நார்தாம்ப்டன் எல்லாவற்றிலும் வருகிற அதே 'டன்'தான். இந்த விளக்கத்தை இதோடு விட்டுவிடலாம், சுவாரசியமே இனிமேல்தான்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், வியர் ஆற்றின் வடகரைப் பக்கம் வாஷிங்டன் என்றே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. பழைய டர்ஹம் மாவட்டம், இப்போது சண்டர்லாந்து நகராட்சிக்குள் வருகிறது. 1086-இல் வில்லியம் மன்னன் நாடு முழுக்கக் கணக்கெடுத்து டூம்ஸ்டே புத்தகம் எழுதவைத்தபோது டர்ஹம் பகுதியை விட்டுவிட்டார்கள். அங்கே பிஷப்தான் கிட்டத்தட்ட ராஜா, சொந்த நீதிமன்றம், சொந்த நாணயச்சாலை எல்லாம் வைத்திருந்தார். அதனால் டர்ஹம் பிஷப் ஹ்யூ டு பூயிசே 1183-இல் தன் நிலங்களுக்குத் தனியாக ஒரு கணக்கு எடுக்கவைத்தார். போல்டன் புத்தகம் என்று பெயர். அதில் ஒரு பதிவு இருக்கிறது: ஹெர்ட்பர்ன் என்ற கிராமத்தை பிஷப்பிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் வாஷிங்டனை வைத்திருக்கிறார். தேவாலயமும் அதன் நிலமும் இதில் சேராது. குத்தகை 4 பவுண்டு. அதோடு பிஷப் பெருவேட்டைக்குப் போகும்போது 4 கிரேஹவுண்டு நாய்களை ஓட்டிக்கொண்டு இவரும் போக வேண்டும்.

இந்த ஆள்தான் குடும்பத்தின் தொடக்கம். அந்தக் காலத்தில் 'டி ஹெர்ட்பர்ன்' என்றால் ஹெர்ட்பர்ன்காரர் என்று மட்டுமே பொருள், இன்றைக்கு இருப்பதுபோல நிலையான குடும்பப் பெயர் இல்லை. இடம் மாறினார், பெயரும் மாறியது, 'டி வெஸ்ஸிங்டன்' ஆகிவிட்டார். அந்த நிலமாற்று மட்டும் நடக்காமல் போயிருந்தால் இன்று அமெரிக்க அதிபர் ஹார்ட்பர்ன் நகரத்தில் உட்கார்ந்திருப்பார்.

கறார்_கந்தசாமி

ஹார்ட்பர்ன் என்றால் நெஞ்செரிச்சல் அல்லவா, பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் சுவடி சார், ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம். பணக்கார அமெரிக்கர்களுக்கு வம்சாவளி வரைந்து கொடுப்பது ஒரு காலத்தில் பெரிய வியாபாரம். காசு கொடுத்தால் யாரை வேண்டுமானாலும் நார்மன் பிரபுவின் பேரனாக்கிவிடுவார்கள். 1183 வில்லியமுக்கும் 1732-இல் பிறந்த ஜார்ஜுக்கும் இடையில் ஐநூற்று ஐம்பது வருடம். நடுவில் இருக்கும் சங்கிலிக்கு என்ன ஆதாரம்? ஜார்ஜே இதைச் சொன்னாரா?

ஓலைச்சுவடி

நல்ல கேள்வி. ஜார்ஜ் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. 1791 கடைசியில் லண்டனில் குலச்சின்னங்களுக்குப் பொறுப்பான தலைமை அதிகாரி சர் ஐசக் ஹேர்ட் கடிதம் எழுதி உங்கள் முன்னோர் யார் என்று கேட்டிருக்கிறார். அதிபராக இருந்த ஜார்ஜ் தெரிந்ததை எழுதி அனுப்பினார், கூடவே இந்த விஷயத்தில் தான் அதிக அக்கறை காட்டியதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்த குடும்பம் என்ற செவிவழிச் செய்திதான் அவரிடம் இருந்தது. ஹேர்ட் முதலில் போட்ட சங்கிலியில் பிழை இருந்தது, அடுத்த நூற்றாண்டில்தான் ஆய்வாளர்கள் உயில்களையும் திருச்சபைப் பதிவேடுகளையும் வைத்துச் சரிசெய்தார்கள். ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் இந்த ஒரு வழக்கில் சங்கிலி தாங்குகிறது.

சுருக்கமாகச் சொன்னால், வாஷிங்டன் ஊரில் இருந்த மூத்த கிளை 1400 வாக்கில் ஆண்வாரிசு இல்லாமல் மகள் வழியாக டெம்பெஸ்ட் குடும்பத்துக்குப் போய்விட்டது. அதற்கு வெகு முன்பே ஓர் இளைய கிளை மேற்கே வெஸ்ட்மோர்லாந்துக்குப் போய், பிறகு லங்காஷயரில் வார்ட்டன் என்ற ஊரில் தங்கியது. வார்ட்டனில் பிறந்த லாரன்ஸ் வாஷிங்டன் தெற்கே நார்தாம்ப்டனுக்கு வந்து கம்பளி வியாபாரத்தில் நன்றாகக் காசு பார்த்தார், 1532-இலும் 1545-இலும் நகர மேயர். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது, 1539-இல் சல்கிரேவ் என்ற கிராமத்துப் பண்ணையை 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்சுக்கு வாங்கினார். அவர் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது.

டைன்கரைத்_தமிழன்

நான் நியூகாசிலில் இருக்கிறேன். இங்கேயிருந்து வாஷிங்டன் பக்கம்தான், அங்கே இருக்கும் ஓல்ட் ஹாலுக்கு, அதாவது பழைய மாளிகைக்கு, ஊரிலிருந்து வருபவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். 'அமெரிக்கா பிறந்த வீடு' என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள், இப்போது பார்க்கும் கட்டடத்தின் பெரும்பகுதி 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. அதற்குள் குடும்பம் இங்கிருந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது. சமையற்கட்டுக்கும் பெரிய கூடத்துக்கும் நடுவே இரண்டு கல் வளைவுகள் இருக்கின்றன பாருங்கள், அவைதான் பழையவை, வாஷிங்டன்கள் குனிந்து நடந்த வழி என்று சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

19-ஆம் நூற்றாண்டில் இந்த மாளிகை ஒண்டுக்குடித்தனமாக மாறியது. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கம், ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். குடியிருக்கத் தகுதியற்றது என்று 1930-களில் இடிக்க இருந்த வீடு, உள்ளூர்க்காரர்கள் சிலர் குழு அமைத்துப் போராடியதால் பிழைத்தது. 1955-இல் அமெரிக்கத் தூதர் வந்து திறந்துவைத்தார், 1977-இல் ஜிம்மி கார்ட்டரே வந்து போனார். ஒவ்வொரு ஜூலை 4-க்கும் இங்கே விழா நடக்கும். தோற்ற நாட்டுக்காரர்கள் வென்றவர்களின் சுதந்திர தினத்தைக் கொண்டாடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

உள்ளூரில் யாரையும் கேட்டால் வாஷிங்டன் என்றதும் கார்த் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும், ஜார்ஜ் அல்ல.

பந்துவீச்சு_பாலா

அண்ணா அருமை. ஆனால் கம்பளி வியாபாரியிடமே நிற்கிறோம். கப்பல் ஏறியது யார்? ஏன்?

ஓலைச்சுவடி

அங்கே ஒரு குடிகாரப் பாதிரியார் வருகிறார், அல்லது குடிகாரர் என்று முத்திரை குத்தப்பட்டவர்.

சல்கிரேவ் லாரன்ஸின் வம்சத்தில் இன்னொரு லாரன்ஸ் (இந்தக் குடும்பத்தில் லாரன்ஸ், ஜான் இரண்டையும் விட்டால் பெயரே கிடையாதோ என்று தோன்றும்). இவர் 1602-இல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்து அங்கேயே பிரேசனோஸ் கல்லூரியில் ஃபெல்லோவாக இருந்தவர், பிறகு எசெக்ஸில் பர்லீ என்ற ஊருக்குப் பாதிரியார். நல்ல வருமானம் உள்ள பதவி. உள்நாட்டுப் போர் வந்தது. அரசர் பக்கம் சாய்ந்த பாதிரியார்களை நாடாளுமன்றக் கட்சி களையெடுக்கத் தொடங்கியபோது, 1643-இல் இவரையும் தூக்கினார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? சாராயக்கடையே கதி என்று தினமும் உட்கார்ந்து குடிக்கிறார், அடுத்தவரையும் குடிக்கத் தூண்டுகிறார். அரசியல் பகையில் எழுதப்பட்ட பட்டியல் அது, அதனால் அதை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. எப்படியோ பதவி போயிற்று. பிறகு வருமானம் குறைந்த லிட்டில் பிராக்ஸ்டெட் என்ற இடத்தில் காலத்தை ஓட்டிவிட்டு 1653-இல் வறுமையில் இறந்தார். மால்டனில் அடக்கம்.

அப்பாவின் சொத்து எதுவும் கிடைக்காத மூத்த மகன்தான் ஜான். லண்டனின் 'சீ ஹார்ஸ்' என்ற புகையிலைக் கப்பலில் துணை மாலுமியாகச் சேர்ந்து வர்ஜினியாவுக்குப் போனார். 1657 தொடக்கத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டிய நேரத்தில் கப்பல் போட்டோமாக் ஆற்றில் தரைதட்டிவிட்டது. அதைச் சரிசெய்து கிளப்புவதற்குள் ஜானுக்கு ஊர் பிடித்துவிட்டது, நத்தானியல் போப் என்ற நிலக்கிழாரின் மகள் ஆனையும் பிடித்துவிட்டது. மாமனார் 700 ஏக்கர் கொடுத்தார். இந்த ஜானின் மகன் லாரன்ஸ், அவர் மகன் அகஸ்டின், அவர் மகன் ஜார்ஜ்.

மீனா_வடசென்னை

ஆக, அப்பாவின் வேலை போகாமல் இருந்திருந்தால் மகனும் எங்கோ ஒரு தேவாலயத்தில் மணி அடித்துக்கொண்டு இருந்திருப்பார்.

இன்னொரு கேள்வி. அமெரிக்கக் கொடியின் நட்சத்திரமும் கோடும் இந்தக் குடும்பச் சின்னத்திலிருந்து வந்தவை என்று எங்கோ படித்தேன். உண்மையா?

கறார்_கந்தசாமி

இதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் புளுகைக் கேட்டுக் கேட்டு காது புளித்துவிட்டது.

சின்னம் உண்மை. வெள்ளிக் களத்தில் இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். யார்க்‌ஷயரில் செல்பி மடாலயத்து ஜன்னல் கண்ணாடியில் இருக்கிறது, சல்கிரேவ் வீட்டு வாசலில் இருக்கிறது, வார்ட்டன் தேவாலயத்திலும் இருக்கிறது. ஆனால் 1777-இல் நாடாளுமன்றம் கொடியைத் தீர்மானித்தபோது வாஷிங்டன் குடும்பச் சின்னத்தைப் பார்த்துச் செய்தோம் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பதின்மூன்று கோடு அதற்கு முன்பிருந்த கொடியிலேயே உண்டு. பிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர் நான்தான் கொடியை வடிவமைத்தேன், கூலியாக ஒரு கால் பீப்பாய் ஒயின் கொடுங்கள் என்று 1780-இல் கேட்டார், அவருக்கும் கொடுக்கவில்லை. ராஜாவை விரட்டியவர்கள் ஒரு தளபதியின் குடும்பச் சின்னத்தைத் தேசக் கொடியாக்குவார்களா, கொஞ்சம் யோசியுங்கள்.

இந்தச் சின்னம் அப்படியே இருக்கிற இடங்கள் வேறு. தலைநகரான டி.சி.யின் கொடி, 1938-இல் ஏற்றது, அச்சு அசல் இதுதான். போரில் காயமடைந்தவர்களுக்குக் கொடுக்கும் ஊதா இதயப் பதக்கத்தின் தலையிலும் இந்தச் சின்னம் உண்டு.

அட்லாண்டா_அருள்

பாலாவின் இரண்டாவது கேள்வியை எல்லாரும் லாவகமாகத் தாண்டிப் போகிறீர்கள். இங்கே அட்லாண்டாவில் என் அலுவலகத்திலேயே வாஷிங்டன்கள் உண்டு, ஒருவர்கூட வெள்ளையர் இல்லை. 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் 1,63,036 பேர். அதில் 90 சதவீதம் கறுப்பினத்தவர், வெள்ளையர் 5 சதவீதம் தான். பரவலான பெயர்களில் வேறு எதற்கும் இந்த விகிதம் கிடையாது, ஜெஃபர்சன்கூட 75-இல் நிற்கிறது.

காரணம் வெட்டவெளிச்சம். ஜார்ஜ் அடிமைகளை வைத்திருந்தவர். முதலாளி பெயரை அடிமைகள் மேல் ஒட்டினார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஓலைச்சுவடி

அருள், எண்ணிக்கை சரி, காரணத்தை அவ்வளவு சுலபமாக முடிக்க முடியாது.

1799-இல் ஜார்ஜின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அதில் ஜார்ஜுக்குச் சொந்தம் 123 பேர். கிட்டத்தட்ட பாதிப் பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் சொத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களை விடுவிக்க ஜார்ஜுக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. தன்னுடையவர்களை உயிலில் விடுவித்தார், 1801 முதல் நாளில் அது நடந்தது. இந்த ஒரு பண்ணையிலிருந்து ஒன்றரை லட்சம் பேர் வந்திருக்க முடியாது.

இன்னும் முக்கியமானது, அடிமைகளுக்குள் தனியாகக் குடும்பப் பெயர்கள் புழங்கின, முதலாளிகள் அவற்றை ஏட்டில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். ஜார்ஜின் உயிலிலேயே சாட்சி இருக்கிறது. சுதந்திரப் போர் முழுக்க அவருக்குப் பக்கத்தில் குதிரையில் போன வேலையாள் வில்லியம் லீ. 1768-இல் மேரி லீ என்ற பெண்மணியிடம் விலைக்கு வாங்கப்பட்டவர். உயிலில் அவருக்கு மட்டும் உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும் எழுதும்போது ஜார்ஜ், 'வில்லியம் லீ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் வில்லியம்' என்று எழுதுகிறார். முதலாளிக்கு அவர் வெறும் வில்லியம். அவருக்கோ தான் வில்லியம் லீ. முப்பது வருடம் வாஷிங்டன் வீட்டில் இருந்தும் வாஷிங்டன் ஆகவில்லை.

அட்லாண்டா_அருள்

லீ என்பதும் பழைய முதலாளி பெயர்தானே? என் வாதம் அங்கேயே நிற்கிறது. அதுவும் போக, ஜார்ஜுக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும் தம்பி பிள்ளைகள் இருந்தார்களே. மவுண்ட் வெர்னனை வாரிசாகப் பெற்ற புஷ்ராட் வாஷிங்டன், உச்ச நீதிமன்ற நீதிபதி, 1821-இல் 54 அடிமைகளை லூசியானாவுக்கு விற்றார். குடும்பங்களைப் பிரித்து விற்கிறீர்களே என்று பத்திரிகைகள் திட்டியபோது என் சொத்து என் இஷ்டம் என்கிற தொனியில் பதில் வேறு எழுதினார். விற்கப்பட்டவர்களில் யாரும் அந்தப் பெயரோடு போகவில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

ஓலைச்சுவடி

முடியாது, சொல்லவும் மாட்டேன். வாஷிங்டன் உறவினர்களின் பண்ணைகளிலிருந்து வந்தவர்கள் நிச்சயம் ஒரு பங்கு இருப்பார்கள். நான் மறுப்பது 'ஒட்டினார்கள்' என்ற சொல்லை. பெரும்பாலானவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, பள்ளியிலோ பட்டாளத்திலோ வேலைக் கூலிப் பதிவிலோ பெயர் கேட்டபோது தாங்களே சொன்னார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் வயதும் பாலும் நிறமும்தான், பெயர் கிடையாது. 1870-இல்தான் அத்தனை கறுப்பினத்தவரும் முழுப்பெயரோடு கணக்கில் ஏறினார்கள்.

இதில் தெளிவான சாட்சி புக்கர் டி. வாஷிங்டன். வர்ஜினியாவில் அடிமையாகப் பிறந்தவர், உடைமையாளர் பெயர் பர்ரோஸ். விடுதலைக்குப் பிறகு மேற்கு வர்ஜினியாவில் முதல் தடவை பள்ளிக்குப் போனால், வாத்தியார் வருகை எடுக்கிறார், எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெயர் இருக்கிறது. இவருக்கு ஒன்றுதான், புக்கர். தன் முறை வருவதற்குள் யோசித்துவிட்டு, காலங்காலமாக அப்படியே அழைக்கப்பட்டவர் போல அமைதியாக 'புக்கர் வாஷிங்டன்' என்று சொல்லியிருக்கிறார். 1901-இல் வந்த தன்வரலாற்றில் அவரே எழுதியது.

கறார்_கந்தசாமி

ஒரு நிமிடம். அவருடைய மாற்றாந்தந்தை பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். அதாவது பையன் ஜார்ஜ் வாஷிங்டனை நினைத்துப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை, வீட்டில் இருந்த ஆளின் முதல் பெயரை எடுத்திருக்கிறான். இது முதலாளி பெயரும் இல்லை, தேசபக்தியும் இல்லை, மூன்றாவது வழி. ஜார்ஜுக்குப் பிறகு வாஷிங்டனை முதல் பெயராக வைப்பது எல்லா நிறத்தாரிடமும் பரவிவிட்டது. எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1783-லேயே அந்தப் பெயரோடு பிறந்தார். தென்னமெரிக்கா வரை போயிற்று, பிரேசிலின் முன்னாள் அதிபர் வாஷிங்டன் லூயிஸ், உருகுவே கால்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஆஸ்கர் வாஷிங்டன் தபாரெஸ். முதல் பெயராக இருந்தது அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகியிருந்தால் ஆச்சரியமில்லை.

லிங்கனைப் பாருங்கள். நன்றிக்காகப் பெயர் வைப்பதாக இருந்தால் லிங்கன்தான் நிறைய இருக்க வேண்டும், அது இந்தப் பட்டியலில் கிட்டத்தில்கூட வராது.

மீனா_வடசென்னை

சரி, வெள்ளைக்கார வாஷிங்டன்கள் எங்கே என்ற கேள்விக்கு விடை, அவர்கள் எப்போதுமே குறைவு. அப்படித்தானே? ஜார்ஜுக்குப் பிள்ளை இல்லை, இங்கிலாந்திலும் பெரிய குடும்பம் இல்லை.

ஓலைச்சுவடி

ஆமாம். சின்ன ஊரின் பெயரால் வந்த குடும்பப் பெயர்கள் இங்கிலாந்தில் பொதுவாகச் சிலரிடம்தான் இருக்கும். ஸ்மித் போல ஊருக்கு ஒரு கொல்லன் என்று நூறு இடத்தில் தனித்தனியாக முளைப்பதில்லை. சஸெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் கிராமம் இருக்கிறது, அங்கிருந்தும் சிலர் பெயர் எடுத்திருக்கலாம், ஆனால் ஜார்ஜுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அருளுக்காக இன்னொரு ஆளையும் சொல்லிவிடுகிறேன். ஹாரி. காம்பியா பக்கத்தில் பிறந்து பிடித்து வரப்பட்டவர், மவுண்ட் வெர்னனில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். போர் தொடங்கியதும் 1776-இல் பிரிட்டிஷ் பக்கம் ஓடிவிட்டார். பிரிட்டிஷார் 1783-இல் நியூயார்க்கை விட்டுப் போகும்போது கூட அழைத்துச் சென்ற கறுப்பினத்தவர்களின் பதிவேட்டில் இருக்கிறார்: ஹாரி வாஷிங்டன், வயது 43, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழு வருடம் முன்பு அவரை விட்டு வந்தவர். எழுதியவர் பக்கத்தில் 'நல்ல ஆள்' என்று வேறு குறித்திருக்கிறார். முதலில் நோவா ஸ்கோஷியா, 1792-இல் அங்கிருந்து சியரா லியோன்.

அட்லாண்டா_அருள்

தப்பி ஓடியவர் முதலாளி பெயரை ஏன் வைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கண்காணாத தேசத்துக்குப் போகிறார், எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாமே. சரி, சியரா லியோனில் என்ன ஆனார்?

ஓலைச்சுவடி

ஏன் வைத்துக்கொண்டார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. எதிரிப் படைத்தலைவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பலில் ஏறுவதில் ஒரு கெத்து இருந்திருக்கும் என்பது என் ஊகம், அதற்குமேல் இல்லை. சியரா லியோனில் குடியேற்றத்தை நடத்திய கம்பெனி நிலத்துக்கு வரி கேட்டது. இலவச நிலம் என்று சொல்லித்தானே கூட்டி வந்தீர்கள் என்று குடியேறியவர்கள் மறுத்தார்கள், 1800-இல் அது கிளர்ச்சியாகிவிட்டது. ஜார்ஜ் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹாரியும் அதில் சிக்கினார், ராணுவ விசாரணை வைத்து ஆற்றுக்கு அக்கரையில் புல்லம் கரைக்கு நாடுகடத்திவிட்டார்கள்.

பந்துவீச்சு_பாலா

வரி கட்ட மாட்டேன் என்று இரண்டு வாஷிங்டன்களும் கிளர்ச்சி செய்தார்களா! நாளைக்கு மேட்ச் நடக்கும்போது வீட்டில் கேள்வி வரட்டும், மின்வெட்டு வரும்வரை பேசுவேன். சுவடி சார், அடுத்து ஜெஃபர்சனுக்கு ஓர் இழை தொடங்குங்கள், அந்த 75 சதவீதத்தையும் பார்த்துவிடலாம்.